பசித்த வேலைக்காரன்: கோல்தோனி நாடகம் பற்றிக் கேள்வி பதில்

பதினெட்டாம் நூற்றாண்டு இத்தாலிய நாடகாசிரியர் கார்லோ கோல்தோனியின் 'இரண்டு எஜமானர்களின் வேலைக்காரன்' இன்றைய மேடைகளில் எப்படி மாறியிருக்கிறது என்று பலர் கேட்டிருந்தார்கள்.

கேள்வி: எனக்குக் கதையே தெரியாது. சுருக்கமாகச் சொல்லுங்களேன்?

வெனிஸ் நகரம். வயிறு நிறையாத த்ரூஃபல்தினோ, ஒருவரிடம் வேலையில் இருந்துகொண்டே அவருக்குத் தெரியாமல் இன்னொருவரிடமும் சேர்ந்துவிடுகிறான். முதல் எஜமானர் உண்மையில் ஆண் வேடம் போட்ட பெண், பெயத்ரிசே. இரண்டாமவர் அவள் தேடி வந்த காதலன். தங்குவதோ ஒரே விடுதியில். கடிதம் மாறுகிறது, பெட்டி மாறுகிறது, இரண்டு பக்கமும் அடி விழுகிறது.

கேள்வி: கோட்டும் சூட்டும் போட்டு ஆடினால் மூலம் கெட்டுவிடாதா?

எது மூலம்? 1745-ல் கோல்தோனி பீசாவில் வக்கீலாக இருந்தபோது அந்தோனியோ சாக்கி என்ற நடிகருக்காக இதை எழுதினார். அப்போது பெரும்பகுதி வெறும் காட்சிக் குறிப்புதான். வசனம் நடிகர்கள் மேடையிலேயே கட்டியது. மற்றவர்கள் ஆடிய விதம் பிடிக்காமல் பிறகு வசனத்தை முழுசாக எழுதினார், 1753-ல் அச்சேறியது. நாம் கையில் வைத்திருக்கும் புத்தகமே பிறகு மாற்றி எழுதியதுதான்.

கேள்வி: மிலானோ தயாரிப்பை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

ஜோர்ஜோ ஸ்த்ரேலர் 1947-ல் பிக்கோலோ தியேட்டரில் போட்டது அது. போர் முடிந்து இரண்டே வருஷம். பசி என்றால் என்னவென்று பார்வையாளர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அர்லெக்கினோவாக (அங்கே த்ரூஃபல்தினோவுக்கு இந்தப் பெயர்; இத்தாலியின் பழைய முகமூடி நாடகங்களில் வரும் கோமாளி வேலைக்காரன் இவன்) நடித்த மர்செல்லோ மொரெத்தி முதலில் முகமூடி வேண்டாமென்று முகத்தில் மை தீட்டிக்கொண்டு ஆடினார். அப்புறம் சிற்பி அம்லேத்தோ சர்த்தோரி பழைய தோல் முகமூடிக் கலையை மீட்டெடுத்தார். மரத்தில் முகத்தைச் செதுக்கி, நனைத்த தோலை அதன்மேல் போர்த்தி, கொம்புச் சுத்தியலால் தட்டித் தட்டிப் படிய வைக்கும் வேலை. அது பாதி முகத்தை மறைக்கும், வாய் மட்டும் வெளியே. 1961-ல் மொரெத்தி இறந்தபின் வேடம் ஃபெர்ருச்சோ சொலேரியிடம் வந்தது. எண்பது வயது தாண்டியும் அவர் ஆடினார். 2018 வரை ஆடினார்!

சொலேரி ஈ பிடிக்கும் காட்சியைப் பதிவில் பாருங்கள். மேடையில் ஈ கிடையாது. முகமூடியில் புருவம் அசையாது. ஆனால் கழுத்து ஈயைத் துரத்துகிறது. ஈ உட்காரும்போது உடம்பு முழுக்க நின்றுவிடுகிறது. பிடித்ததும் தின்றுவிடுகிறான். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அந்த ஈ தெரிகிறது.

கேள்வி: 'ஒன் மேன், டூ கவ்னர்ஸ்' இதே கதைதானா?

அதேதான். ரிச்சர்ட் பீன் இதை 1963-ம் வருஷத்து பிரைட்டனுக்குக் கொண்டுபோனார்; 2011-ல் லண்டன் நேஷனல் தியேட்டரில் நிக்கோலஸ் ஹைட்னர் இயக்கினார். நாயகனாக நடித்த ஜேம்ஸ் கார்டனுக்கு அடுத்த ஆண்டு அமெரிக்க நாடக விருதான டோனி கிடைத்தது. முகமூடி இல்லை, வெனிஸ் இல்லை, பசி மட்டும் அப்படியே இருக்கிறது. சாப்பிட்டு முடித்ததும் அவன் பார்வையாளர்களிடமே வந்து, வயிறு நிறைந்துவிட்டதே, இனி நான் எதற்காக ஓடுவது என்று குழம்புகிறான். பழைய நாடகத்தை இவ்வளவு நன்றாகப் புரிந்துகொண்ட இடம் வேறெதிலும் நான் பார்த்ததில்லை. 2020 ஊரடங்கில் யூடியூபில் இலவசமாகக் காட்டினார்கள்.

கேள்வி: தாரியோ ஃபோ இந்த வரிசையில் வருவாரா?

வருவார். 1970-ல் இந்த இத்தாலிய நாடகாசிரியர் எழுதிய 'ஒரு அனார்கிஸ்டின் தற்செயல் மரணம்' (அனார்கிஸ்ட் என்றால் அரசாங்கமே வேண்டாம் என்பவர்) நாடகத்தில் போலீஸாரை ஆட்டிவைக்கும் பைத்தியக்காரன் அர்லெக்கினோவின் வாரிசு. மிலானோ போலீஸ் நிலைய ஜன்னலிலிருந்து விழுந்து இறந்த ஜுசெப்பே பினெல்லியின் கதைதான் அடித்தளம். டாம் பாஸ்டன் அதை இன்றைய லண்டன் போலீஸுக்கு மாற்றியது 2023-ல் லண்டனின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் வெஸ்ட் எண்டுக்கு வந்தது.

கேள்வி: கல்லூரியில் ஒரு மணி நேரமாகச் சுருக்கிப் போடுகிறோம். எதை வெட்டலாம்?

காதலர்களின் நீண்ட புலம்பல்களைத் தாராளமாக வெட்டுங்கள். பரிமாறும் விதம் பேசும் காட்சியில் மட்டும் கை வைக்காதீர்கள். பத்திரமாக வைத்துக்கொள் என்று எஜமானி கொடுத்த உண்டியல், அதாவது பெருந்தொகைக்கான பணப் பத்திரம், அவன் கையில் இருக்கிறது. விடுதிக்காரர் பிரிகெல்லாவுடன் தரையில் மண்டியிட்டு, எந்தத் தட்டு எங்கே வரவேண்டும் என்று காட்ட அதைக் கிழித்துக் கிழித்து வைக்கிறான். சூப் இங்கே. கறி அங்கே. எஜமானி உள்ளே வரும்போது தரையெல்லாம் துண்டுகள். இதை அவசரப்படாமல் ஆடுங்கள். ஒவ்வொரு துண்டையும் நிஜத் தட்டு போல அக்கறையாக வைக்க வேண்டும்.

கேள்வி: ஒத்திகையை எங்கிருந்து தொடங்குவது?

கடிதம் ஒட்டும் இடத்திலிருந்து. பிரித்துவிட்ட கடிதத்தை மறுபடி ஒட்ட அவன் ரொட்டியை மெல்கிறான், பசியில் விழுங்கிவிடுகிறான். மறுபடி மெல்கிறான், அதுவும் உள்ளே போய்விடுகிறது. உங்கள் நடிகருக்கு நிஜ ரொட்டி கொடுங்கள். அன்று காலை அவர் சாப்பிடாமல் வந்தால் இன்னும் நல்லது.