கோபக்காரர் சீலம் ஏற்கலாமா?

ஐயா, வணக்கம்.

சில ஆண்டுகளாகத் தியானத்தில் அமர்ந்து வருகிறேன். ஜென் பௌத்த மரபில் முறைப்படி சீலம், அதாவது ஒழுக்க உறுதிமொழிகள், ஏற்க ஆசை; பிறகு துறவு பூணும் எண்ணமும் உண்டு. ஆனால் சீலங்களில் ‘சினம் கொள்ளேன்’ என்று ஒன்று இருக்கிறது. வீட்டில் தினமும் யாரிடமாவது எரிந்து விழுகிறவன் நான். தெரிந்தே பொய்ச் சத்தியம் செய்வதாகாதா?

ஆர்., மதுரை

அன்புள்ள ஆர்.,

ஆகாது. ஜப்பானிய ஜென்னின் ஒரு பிரிவான சோட்டோ மரபில் ஏற்கும் சீலங்கள் பதினாறு. புத்தர், தர்மம், சங்கம் என்ற மும்மணிகளைச் சரணடைதல் மூன்று. தீயதை விலக்கல், நல்லது செய்தல், எல்லா உயிர்க்கும் உதவுதல் என்று மூன்று. கொல்லாமையில் தொடங்குபவை பத்து. இவற்றுக்கு முன்பாக ஒரு பாடல் சொல்ல வேண்டும். ஆசையாலும் சினத்தாலும் மயக்கத்தாலும், உடல், வாக்கு, மனம் வழியே தொன்றுதொட்டு நான் செய்த தீவினைகளையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன் என்பது அதன் பொருள். சினம் உண்டு என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் சினம் கொள்ளேன் என்கிறீர்கள். இதில் பொய் எங்கே இருக்கிறது? பிறகு குரு கேட்பார்: ‘இந்த உடல் தொடங்கிப் புத்த உடல் எய்தும்வரை இதைக் காப்பாயா?’ ஒரு பிறவிக்குள் முடிகிற வேலை என்று கேட்பவரே நினைக்கவில்லை.

சடங்கைவிட அதற்கு முந்தைய மாதங்கள்தான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. கழுத்தில் மாட்டி மார்பில் தொங்கவிடும் ரகுசு என்ற சிறு அங்கியை, சீலம் ஏற்பவரே கையால் தைப்பது பல மையங்களில் வழக்கம். வெட்டிய துணித்துண்டுகளை ஐந்து பட்டைகளாக இணைக்க வேண்டும்; பார்க்க வயலும் வரப்புமாக இருக்கும். ஒவ்வொரு தையலும் வெளியே ஒரு புள்ளியாக மட்டுமே தெரிய வேண்டும். ஊசி இறங்கும்போதெல்லாம் ‘புத்தரைச் சரணடைகிறேன்’ என்று மனத்துக்குள் சொல்ல வேண்டும். வரிசை கோணினால் பிரித்துவிட்டு மறுபடி தைக்க வேண்டியதுதான். ஒரு மாலை முழுக்கத் தைத்ததைப் பிரிக்கும்போது எழும் எரிச்சலைப் போல உங்கள் கோபத்தை உங்களுக்குக் காட்டித்தரும் பாடம் வேறில்லை.

துறவுக்குத் தலை மழித்தலும், பெரிய காஷாயமும், உணவுக் கலமும் உண்டு. ஆனால் ஏற்கும் சீலங்கள் இல்லறத்தாருக்குரிய அதே பதினாறுதான். அதன் பிறகும் குருவின் மரபுரிமையைப் பெறப் பல ஆண்டுகள் ஆகலாம். துறவென்றால் நாம் குடும்பத்தை விடுவதை நினைக்கிறோம். ஜப்பானிலோ 1872இல் மெய்ஜி அரசு, துறவிகள் மணம் புரியலாம், புலால் உண்ணலாம், முடி வளர்க்கலாம் என்று ஆணை பிறப்பித்தது. இன்று அங்கே கோயில் பொறுப்பில் இருப்பவர்களில் குடும்பஸ்தர்கள் ஏராளம். ஆகவே அந்த முடிவுக்கு இப்போது அவசரமில்லை. ஒரு குருவைத் தேடி, அவர் முன்னிலையில் சில காலம் அமருங்கள். தைக்க அனுமதி கேட்கும்போது, எனக்கு எழுதியதை அவரிடமும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.