ஓட்டையைப் பெரிதாக்கிவிட்டுத் தையுங்கள்

கேள்வி: ஹஜ்ஜுப் பெருநாளில் உழ்ஹிய்யாவாக (குர்பானியாக) அறுத்துக் கொடுத்த ஆட்டின் தோலை முடியுடன் பதனிட்டு வைத்துக்கொள்ள ஆசைப்பட்டு, ஊரில் தோல் சேர்க்கும் ஒருவரிடம் கொடுத்தேன். நான்கு மாதம் கழித்து, பெக்டரியில் பதனிட்டது என்று சொல்லித் தந்த தோலில் மூன்று இடங்களில் பழுது. விலாப் பக்கம் இரண்டு அங்குல நீளத்தில் ஒரு கீறல். முதுகில் ஐந்து ரூபாக் குற்றி அளவில் வட்டமான ஓட்டை. முன்கால் கக்கத்தில் முடி உதிர்ந்து, தோல் இற்றுப்போன ஓர் இடம். ஓட்டைக்கு 1500 ரூபா வீதம் தந்தால் கொழும்புக்கு அனுப்பி மெஷினில் அடைத்துத் தருவதாக அவரே சொல்கிறார். நான் தங்கூசியால், அதாவது மீன் பிடிக்கும் நைலோன் இழையால், தைத்துப் பார்த்தேன். அது தோலை அறுத்துக்கொண்டு வந்துவிட்டது. கையால் தைக்க வழி உண்டா? என் பாட்டனார் வைத்திருந்த பழைய மான் தோல் ஒன்றும் கிழிந்து கிடக்கிறது. அதற்கும் இதே தையல்தானா?
— வாசகர், கிண்ணியா

பதில்: தம்பி, அந்தப் பணம் உங்கள் சட்டைப் பையிலேயே இருக்கட்டும். முடித்தோல் தைக்கும் மெஷின் உலகத்தில் இல்லாமல் இல்லை. ஆனால் உங்கள் தோல் அதன் பக்கத்துக்கே போகாது. பணம் வாங்கியவர் தன் வீட்டுத் திண்ணையில் இருந்துகொண்டு, சைக்கிள் டியூப்புக்குப் பூசும் சொலூசனைத் தோலின் பின்பக்கம் தடவி, ஒரு துண்டு ரெக்சினை ஒட்டி, முன்பக்கம் முடியை வாரிவிட்டுத் தருவார். வாங்கும் அன்று ஓட்டை எங்கே இருந்தது என்று உங்களுக்கே தெரியாது. கச்சான் என்ற சூடான வறண்ட காற்று வீசத் தொடங்கும்போதுதான் தெரியும். பசை இளகி முடிக்காலுக்குள் ஊறும். தூசியைப் பிடித்துக்கொண்டு கறுக்கும். பிறகு துண்டும் கழன்று விழும். அந்த நிலையில்தான் என்னிடம் கொண்டுவருகிறார்கள். பசை ஊறிய தோலில் ஊசி ஏறாது, ஏறினால் இறங்காது. ஒட்டாத ஓட்டையை ஒரு மணி நேரத்தில் தைத்துவிடலாம். ஒட்டியதைச் சுரண்டித் துப்புரவாக்கவே ஒரு பகல் போகும்.

கேட்காமலே இன்னொன்றும் சொல்கிறேன். திரும்பி வந்தது உங்கள் ஆட்டின் தோல்தான் என்று உங்களுக்கு நிச்சயமா? தொழில் பழகிய காலத்தில் ஆறு தோல்களை ஒருவரை நம்பி அனுப்பினேன். ஆறு தோல்கள் திரும்பி வந்தன. ஆறும் என்னுடையவை அல்ல. நான் கொடுத்தவை சுத்தமாக உரித்தவை, வந்தவை சல்லடை. அன்றிலிருந்து எந்தத் தோல் கை மாறினாலும் பின்னங்கால் ஓரத்தில் கத்தி நுனியால் மூன்று சிறிய வெட்டு அடையாளம் இடாமல் கொடுப்பதில்லை. பேனா எழுத்து பதனிடும்போது போய்விடும், வெட்டு போகாது. அடுத்த பெருநாளுக்கு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் தோலுக்கு வருவோம். முதுகில் இருக்கும் அந்த வட்டத்தை யாரும் வட்டமாக வெட்டவில்லை. உரித்தவரின் கத்தி நுனி பட்டு ஓர் அரிசி அளவில் பொத்தல் விழுந்திருக்கும். அதைத் தைக்காமலே பலகையில் இழுத்து ஆணி அடித்துக் காயவைத்திருப்பார்கள். தோல் காயும்போது எல்லாப் பக்கமும் சுருங்கி இழுக்கும், ஆணி விடாது, நடுவில் இருக்கும் பொத்தல்தான் விட்டுக்கொடுக்கும். கச்சான் காற்றில் வேகமாகக் காய்ந்தால் இந்த இழுவை இன்னும் மோசம். அரிசி அளவு குற்றி அளவானது அப்படித்தான். ஈரத்தோலாக இருந்தபோதே நான்கு தையல் போட்டிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

உண்மையில் அந்தக் கத்திக்கும் அங்கே வேலை இல்லை. கால், வயிறு என்று முதல் வெட்டுகளைப் போட்ட பிறகு, ஆட்டுத் தோலை மூடிய கை முஷ்டியால் தள்ளித்தான் கழற்ற வேண்டும். சட்டை கழற்றுவதுபோல் வந்துவிடும். யார் சொல்லிக் கொடுக்கிறார்கள்? ஆடு மாடு அறுக்கும் மடுவத்தில் இறைச்சியைப் பார்த்து முத்திரை குத்த ஆள் இருக்கிறார், தோலைப் பார்க்க ஒருவரும் இல்லை. உரிப்பவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கூலி, வேகம்தான் வருமானம். உரிப்புப் பயிற்சி ஒன்று வைக்கும்படி சில வருடங்களுக்கு முன் ஓர் அலுவலகத்துக்கு எழுதினேன். மூன்று மாதம் கழித்துத் தடித்த உறை ஒன்று வந்தது. உள்ளே தையல் மெஷின் பயிற்சிக்கான விண்ணப்பப் படிவம் இருந்தது.

தைக்கும் முன் ஒரு சோதனை. தோலின் ஓரத்திலிருந்து தீக்குச்சி அளவு ஒரு துண்டை வெட்டி, கொதித்து இறக்கிய தண்ணீரில் போடுங்கள். உடனே சுருண்டு பசைபோல் ஆனால், தோலுக்கு உப்பும் சீனக்காரமும் மட்டும்தான் போட்டிருக்கிறார்கள், "பெக்டரியில் பதனிட்டது" என்று உங்களிடம் சொன்னது பொய். பதனிடாத பச்சைத் தோல் 60, 65 பாகை செல்சியஸ் வெப்பத்திலேயே சுருங்கிவிடும். அப்படியே கிடந்தால் குரோம் என்ற உலோக உப்புப் போட்டுப் பதனிட்ட தோல். வெட்டிய ஓரத்தைப் பார்த்தால் சற்று நீலம் கலந்த சாம்பல் நிறம் தெரியும். எனக்கு இது ஏன் வேண்டும் என்றால், தைக்கும் முன் பின்பக்கத்தைக் கொஞ்சம் நனைக்கச் சொல்லப்போகிறேன். குரோம் தோலை ஈரத்துணியால் கால் மணி நேரம் மூடி வைக்கலாம். சீனக்காரத் தோலைப் பிழிந்த துணியால் ஒருமுறை துடைத்தால் போதும். அதற்குமேல் நனைத்தால் சீனக்காரம் கரைந்து வெளியேறும். காய்ந்த பிறகு அப்பளம்போல் விறைத்து நிற்கும்.

தங்கூசியை மீனுக்கே விட்டுவிடுங்கள். மெல்லியதும் வழுக்குவதும் விட்டுக்கொடுக்காததுமான இழை ஆட்டுத் தோலைச் சவர பிளேட் போல அறுக்கும்; முடிச்சும் நிற்காது. தடித்த பருத்தி நூலோ பொலியஸ்டர் நூலோ போதும். தேன்மெழுகு கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் ஒரு மெழுகுதிரியில் நூலை மூன்று தரம் இழுத்துக்கொள்ளுங்கள். ஊசி மட்டும் சரியாக இருக்க வேண்டும். முனை உருண்டையாக இல்லாமல் மூன்று பட்டையாகத் தீட்டியிருக்கும் தோல் ஊசி, கிடைப்பதில் மிகச் சிறியது. கடையில் கேட்டால் சாக்கூசியை எடுத்து நீட்டுவார்கள், வாங்காதீர்கள். செருப்புத் தைப்பவரின் குத்தூசியும் வேண்டாம். அது போடும் துளைகள் தபால் முத்திரை ஓரத்துத் துளைகள் போல வரிசையாக நிற்கும். முத்திரை எப்படிக் கிழிகிறதோ அப்படியே உங்கள் தோலும் கிழியும்.

முதலில் விலாப் பக்கக் கீறல். இதில் தோல் ஒன்றும் குறையவில்லை, வாய் பிளந்திருக்கிறது, அவ்வளவுதான். வெட்ட வேண்டியதும் இல்லை. கீறல் மேலே வரும்படி, முடி உள்ளே போகும்படி தோலை மடித்துப் பிடியுங்கள், புத்தகத்தை மூடுவதுபோல. இப்போது இரண்டு ஓரங்களும் பக்கத்தில் பக்கத்தில் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். இடையில் முடி எட்டிப் பார்க்கும். அதை ஊசியின் காதுப் பக்கத்தால் உள்ளே தள்ளுங்கள். ஒவ்வொரு தையலுக்கும் தள்ள வேண்டும். சோம்பல்பட்டு ஒரு முடிக்கற்றையைத் தையலில் பிடித்துவிட்டால் முன்பக்கம் அந்த இடம் சுழி விழுந்ததுபோல் தெரியும்.

கீறல் தொடங்கும் இடத்துக்கு அரை சென்ரிமீற்றர் முன்பே நல்ல தோலில் ஆரம்பியுங்கள். முடிச்சுப் போட வேண்டாம். நூலின் வாலை ஒரு விரல் நீளம் ஓரத்தோடு படுக்கவைத்து, அதன்மேலேயே தைத்துப் போனால் தையல்களே அதை இறுக்கிக்கொள்ளும். ஓரத்திலிருந்து 2 மில்லிமீற்றர் உள்ளே குத்தி, இரண்டு ஓரங்களையும் சேர்த்து எடுத்து, நூலை மேலால் சுற்றிக்கொண்டுவந்து, 3 மில்லிமீற்றர் தள்ளி அடுத்தது. பாய் ஓரம் தைக்கும் சுற்றுத் தையல்தான், வேறு வித்தை இல்லை. இழுப்பதில்தான் கவனம். ஓரமும் ஓரமும் தொட்டால் நிறுத்திவிடுங்கள். ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் முன்பக்கம் வயல் வரம்புபோல் எழும்பி நிற்கும். முடிவிலும் அரை சென்ரிமீற்றர் தாண்டிப்போய், வந்த வழியே நான்கு தையல் திரும்பி வந்து நூலை வெட்டுங்கள்.

முதுகு ஓட்டைக்குத்தான் இந்தப் பதிலின் தலைப்பு. வட்டத்தை வட்டமாகவே இழுத்துத் தைத்தால் சுருக்குப் பை வாய்போல நடுவில் குமியும். எந்தத் தைலம் தேய்த்தாலும் அந்தக் குமிழ் படியாது. அதனால் ஓட்டையை இன்னும் பெரிதாக்க வேண்டும். பதறாதீர்கள். தோலின் பின்பக்கத்தில், ஓட்டையை நடுவில் வைத்து ஒரு தோணி வரையுங்கள். மூக்கு ஒன்று ஆட்டின் தலையைப் பார்க்க, மற்றது வாலைப் பார்க்க. அகலம் ஓட்டையின் அகலம்தான். நீளம் அதைப்போல் மூன்று மடங்கு. உங்கள் குற்றி அளவு ஓட்டைக்கு 7 சென்ரிமீற்றர் வரும். குறுக்கே வரையாதீர்கள். முடி தலையிலிருந்து வாலுக்குப் படுக்கிறது. தையலும் அதே வழியில் ஓடினால் முடி இரண்டு பக்கமிருந்தும் சரிந்து மூடிக்கொள்ளும். குறுக்கே ஓடினால் உச்சி வகிடு எடுத்ததுபோல் கோடு தெரியும்.

வெட்டுவதற்குக் கத்தரிக்கோல் எடுக்கவே கூடாது. அது தோலோடு முடியையும் நறுக்கிவிடும். நறுக்கிய முடி வளராது, ஆடு செத்துவிட்டது. தோலை மேசையில் வைக்காமல் ஒருவர் தூக்கிப் பிடிக்க, பின்பக்கமிருந்து சவர பிளேட்டின் நுனியால் தோலின் கனத்துக்கு மட்டும் கோடு போடுங்கள். முடி தானாகப் பிரிந்து வரும். பிறகு தோணியின் நடுப்பகுதியை ஒரு தற்காலிகத் தையலால் பிடித்துவைத்துவிட்டு, மூக்கிலிருந்து அதே சுற்றுத் தையல். நடுவை அடைந்ததும் தற்காலிகத் தையலை வெட்டிவிடுங்கள். மூக்கு நுனியில் இன்னும் குமிழ் நின்றால் தோணி குட்டை என்று அர்த்தம். பிரித்து, இன்னும் ஒரு சென்ரிமீற்றர் நீட்டித் தையுங்கள்.

கக்கத்தைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. அறுத்து நெடுநேரம் கழித்து உப்புப் போட்டிருக்கிறார்கள், முடிக்கால் அழுகிவிட்டது. தோலின் எடையில் பாதியளவு உப்பு, அதுவும் அன்றே போட வேண்டும். நிலாவெளியில் உப்பளம் வைத்துக்கொண்டு நாம் உப்புக்குக் கஞ்சப்படுகிறோம். இற்ற இடத்தை விரலால் கிள்ளி இழுத்துப் பாருங்கள். பிஸ்கட்போல் பிட்டுக்கொண்டு வந்தால் எந்த ஊசியும் அங்கே நிற்காது. ஓரத்தில்தானே இருக்கிறது, அந்தப் பகுதியை வளைவாக வெட்டி எறிந்துவிட்டு, மறுபக்கக் கக்கத்தையும் அதே அளவில் வெட்டிவிடுங்கள். விரித்துப்போட்ட ஆட்டுத் தோலில் கக்கத்தை யாரும் தேடுவதில்லை.

மான் தோல். இதற்கு என் பதில் ஊசி நூல் பற்றியது அல்ல. 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. புள்ளிமானும் மரையும் அதன் பாதுகாப்பில் இருப்பவை. திருகோணமலையில் பிரெட்றிக் கோட்டை வாசலிலும் கடைத்தெருவிலும் மான்கள் கட்டாக்காலி மாடுகள்போலத் திரிவதால், இந்த ஊரில் பலருக்கு அது காட்டு மிருகம் என்பதே மறந்துவிட்டது. வாகனத்தில் அடிபட்டுச் செத்தது என்கிறார்கள். நாய் கடித்துச் செத்தது என்கிறார்கள். பூசைக்கு ஆசனம் என்கிறார்கள். பாட்டனார் காலத்தது என்கிறார்கள். எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் எதுவும் அனுமதிப் பத்திரம் ஆகாது. நான் தொடுவதில்லை, தைத்துத் தருபவருக்கும் வில்லங்கம், கொண்டுவந்தவருக்கும் வில்லங்கம். விற்கவும் வேண்டாம், யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம், தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறவும் வேண்டாம். இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும்; நீங்கள் மட்டும் ஒரு சட்டத்தரணியைக் கேட்டுவிட்டு, வனசீவராசிகள் திணைக்களத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். ஒரே நாளில் முடியும் வேலை அல்ல. உரிய அதிகாரி கூட்டத்துக்குப் போயிருப்பார், அடுத்த செவ்வாய் வரச் சொல்வார்கள், அடுத்த செவ்வாய் விடுமுறையாக இருக்கும். அந்த வாசலில்தான் "பழைய தோல் என்று கடிதம் எடுத்துத் தருகிறேன்" என்று ஒருவர் மெதுவாகப் பக்கத்தில் வருவார். அவருக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். அந்தக் கடிதத்தில் இருக்கும் கையெழுத்து எவருடையதென்று நீதிமன்றத்தில்தான் தெரியவரும்.

திரும்பவும் ஆட்டுத் தோலுக்கு. தைத்து முடித்ததும் பின்பக்கம் தையல் சிறிய மேடாக நிற்கும். தோலில் ஈரம் இருக்கும்போதே ஒரு கரண்டியின் முதுகால், தேங்காய்ச் சிரட்டையைத் தேய்ப்பதுபோல், அந்த மேட்டை இரண்டு பக்கமும் அழுத்தித் தேய்த்துப் படியவையுங்கள். முன்பக்கம் தையலில் மாட்டிய முடிகளை ஊசி நுனியால் ஒவ்வொன்றாக இழுத்து விடுங்கள். பிறகு நிழலில், ஒரு பலகைக்கு அடியில் ஒரு நாள். விலாக் கீறலை முதலில் தைத்துக் கை பழகிய பிறகே முதுகுக்குப் போங்கள். பின்பக்கம் துணி வைத்துத் தைக்கத் தையற்காரரிடம் கொடுப்பதானால் பக்கத்திலேயே நில்லுங்கள். மடிப்பு எடுக்க அவர் இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்தால், தோலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.