அவுட்போர்டு மோட்டாரில் மெக்கானிக்கல் பம்ப்புக்குப் பதில் எலெக்ட்ரிக் பம்ப் போடலாமா?

கார்புரேட்டர் வைத்த 2 ஸ்ட்ரோக் அவுட்போர்டு (படகின் பின்புறம் வெளியே மாட்டும் மோட்டார்), முழு வேகத்தில் கொஞ்ச நேரம் ஓடியதும் திணறி நின்றுவிடுகிறது, எலெக்ட்ரிக் பம்ப் போட்டால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடலாம், ஓடவும் செய்யும். ஆனால் என்னைக் கேட்டால், முதலில் பழைய மெக்கானிக்கல் பம்ப்பைப் பிரித்து அதற்குள் ஆடும் மெல்லிய சவ்வை, அதாவது டயாஃப்ரமை, மாற்றிப் பாருங்கள் என்பேன். அதற்கும் முன்னால் பெட்ரோல் குழாயில் கையால் அமுக்கி பெட்ரோல் ஏற்றும் ரப்பர் பல்பைப் பாருங்கள்.

என் மோட்டாரிலும் இதே கோளாறு வந்தது. பம்ப்தான் போய்விட்டது என்று முடிவுகட்டி, புது எலெக்ட்ரிக் பம்ப்பும் வாங்கி வைத்துவிட்டேன். மாட்டுவதற்கு முன் ஒருமுறை ஓட்டிப் பார்த்தபோது, அந்தக் கைப்பல்பையே கவனிக்கும்படி உடன் வந்தவரிடம் சொன்னேன். மோட்டார் திணற ஆரம்பித்ததும் பல்பு இரண்டு பக்கமும் உள்வாங்கிச் சப்பையாகிவிட்டது. அப்படியென்றால் பம்ப் நன்றாகவே இழுக்கிறது. டேங்க் பக்கமிருந்துதான் பெட்ரோல் வரவில்லை. குழாயை வெட்டிப் பார்த்தேன். உள்சுவர் உரிந்து வழியை அடைத்துக்கொண்டிருந்தது. குழாயை மாற்றியதும் கோளாறு போய்விட்டது. டேங்க் மூடியின் காற்றுத் திருகை மூடி வைத்திருந்தாலும் பல்பு இப்படித்தான் சப்பையாகும்.

பல்பு சப்பையாகாமல், அதை அமுக்கியதும் மோட்டார் மறுபடி சீராக ஓடினால், பம்ப் மேல் சந்தேகப்படலாம். குழாய் எங்கோ காற்று இழுத்தாலும் இப்படி ஆகும் என்பதால் கிளிப்புகளையும் பார்த்துவிடுங்கள். டயாஃப்ரம் கிழிந்திருந்தால் பெட்ரோல் நேராகக் கிராங்க்கேஸுக்குள் (பிஸ்டனுக்குக் கீழே உள்ள அறை) போகும். பம்ப் இணைந்திருக்கும் சிலிண்டரின் பிளக் மட்டும் நனைந்திருக்கும்.

மெக்கானிக்கல் பம்ப்பை நான் இவ்வளவு ஆதரிப்பதற்குக் காரணம் உண்டு. பிஸ்டன் ஏறி இறங்கும்போது கிராங்க்கேஸில் மாறி மாறி உண்டாகும் அழுத்தம்தான் அதன் டயாஃப்ரமை ஆட்டுகிறது. மோட்டார் நின்றால் பம்ப்பும் அந்த நொடியே நின்றுவிடும். எலெக்ட்ரிக் பம்ப்போ கரண்ட் இருக்கும்வரை தள்ளிக்கொண்டே இருக்கும். கையில் மாட்டும் கில் ஸ்விட்ச் கயிறு இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலான பழைய மோட்டார்களில் அது இக்னிஷனை மட்டும்தான் நிறுத்தும், பம்ப்புக்குப் போகும் 12 வோல்ட்டை நிறுத்தாது. நீங்கள் தண்ணீரில் விழுந்து மோட்டார் நின்ற பிறகும் பம்ப் ஓடிக்கொண்டிருக்கும். குழாய் ஒன்று கழன்றிருந்தால் பெட்ரோல் படகுக்குள்ளேயே கொட்டும். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, அடியில் போய்த் தங்கிவிடும். இன்ஜின் படகுக்குள்ளேயே இருக்கும் இன்போர்டு பெட்ரோல் படகுகளில் இன்ஜின் ஓடும்போதும் ஸ்டார்ட் ஆகும்போதும் தவிர எலெக்ட்ரிக் பம்ப் இயங்கவே கூடாது என்று அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் விதியே இருக்கிறது.

ஆகவே, மாற்றியே தீர வேண்டும் என்றால், மோட்டார் சுற்றும்போது வரும் டாக்கோ (வேகமானி) சிக்னலைப் பார்த்து ஆன் ஆகும் ரிலே கட்டாயம். 4 ஸ்ட்ரோக் என்றால் ஆயில் பிரஷர் ஸ்விட்ச் அந்த வேலையைச் செய்யும். சாவி ஸ்விட்ச் மட்டும் போதாது.

பம்ப் 2 முதல் 4 பிஎஸ்ஐ அழுத்தம் தரும் கார்புரேட்டர் வகையாக இருக்கட்டும். இன்ஜெக்‌ஷன் பம்ப்புகள் 30 பிஎஸ்ஐக்கு மேல் தரும், கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரவை அடைக்கும் மிதவை ஊசி அதைத் தாங்காமல் கார்புரேட்டர் பொங்கி வழியும். பம்ப்பை டேங்க் பக்கத்தில் வைத்தால் நன்றாகத் தள்ளும் என்பார்கள், உண்மைதான். ஆனால் இழுக்கும் குழாயில் விரிசல் விட்டால் பெரும்பாலும் காற்றுதான் உள்ளே வரும். தள்ளும் குழாயில் விட்டால் பெட்ரோல் வெளியே வரும். அதனால் பம்ப் மோட்டாரிலேயே இருக்கட்டும், தீப்பொறி வெளியே வராத மரைன் வகையாகவும் இருக்கட்டும்.

இன்னொன்று, பலர் மறப்பது. பழைய பம்ப்பைக் கழற்றிய இடத்தில், கிராங்க்கேஸ் அழுத்தம் வரும் பல்ஸ் துளையைத் தகடும் கேஸ்கெட்டும் வைத்து இறுக்கமாக அடைத்துவிடுங்கள். விட்டால் அது வழியாகக் காற்று புகுந்து, கலவை மெலிந்து, பிஸ்டன் எரிந்துபோகும். பேட்டரியே இல்லாத கயிறு இழுக்கும் மோட்டார் என்றால் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம், டயாஃப்ரம் கிட் போதும்.

முதலில் பல்பு என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.