எண்பது படிக்கட்டும் ஒரு டீச்சரும்

கேள்வி: அமெரிக்காவில் மெனோனைட் சபைக் கல்லூரி ஒன்றில் உடல் ஊனத்தோடு பாடம் நடத்திய ஒருவரைப் பற்றிப் படித்தேன். மெனோனைட் என்றால் யார்? விபத்துக்குப் பிறகு எனக்கும் சக்கர நாற்காலிதான். ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) முடித்துவிட்டேன், டீச்சராக ஆசை. ஆனால் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டிலிருந்து ரோட்டுக்கே எண்பது படி. நடக்கிற காரியமா அக்கா?
- வாசகி, தலவாக்கலை

பதில்: நடக்கும் தங்கச்சி. முதலில் மெனோனைட். வளர்ந்தபின் தானே விரும்பி எடுப்பதுதான் ஞானஸ்நானம் என்று 1525-இல் சூரிச்சில் கிளம்பி, அதற்காகவே துரத்தப்பட்டவர்களின் வழிவந்த கிறிஸ்தவர்கள். மென்னோ சைமன்ஸ் என்பவரின் பெயரால் அழைக்கப்படுகிறார்கள், ஆயுதம் எடுக்க மாட்டார்கள். இந்தியானாவில் கோஷன், கன்சாஸில் பெத்தெல் என்று நூறு வருஷம் தாண்டிய கல்லூரிகள் அவர்களுக்கு உண்டு.

ஒருவரின் களஞ்சியம் எரிந்தால் ஊரே கூடிக் கட்டிக்கொடுக்கிற சனங்கள். நம் தோட்டத்திலும் சுகமில்லாதவரைக் கம்பளியில் வைத்து நாலு பேர் ரோட்டுக்குத் தூக்கி வருவார்களே, அந்த மனசுதான். ஆனால் தினமும் வேலைக்குப் போகிறவருக்கு அது போதாது. எனக்கு இடது கால் வராது, ஊன்றுகோலோடு இருபது வருஷம் படிப்பித்தேன். வகுப்பை மேல்மாடியில் போட்டார்கள். இரண்டு பெரிய பையன்கள் பாசமாகத்தான் கைகொடுத்து ஏற்றுவார்கள், இருந்தாலும் பாத்ரூமுக்கு இறங்க மறுபடி அவர்களைக் கூப்பிட வேண்டுமே என்று காலையிலிருந்து ஒரு வாய் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் இருந்த நாள்கள் எத்தனையோ. வகுப்பைக் கீழே மாற்ற மூன்று வருஷம் கேட்டேன். மாறிய அன்று இடைவேளையில் இரண்டு கோப்பை குடித்தேன்.

அரசாங்கப் பணம் வாங்கும் நிறுவனங்கள் ஊனத்தைக் காட்டி யாரையும் ஒதுக்கக் கூடாது என்று அமெரிக்காவில் 1973-இலேயே சட்டம் வந்தது. நம் இலங்கையிலும் இருக்கிறது: 1996-ஆம் ஆண்டின் 28-ஆம் இலக்கச் சட்டம், வேலைக்கு எடுப்பதிலும் படிக்கச் சேர்ப்பதிலும் அந்தப் பாகுபாடு கூடாது என்கிறது. அரச வேலையில் 3 சதவீத ஒதுக்கீட்டுக்கு 1988-இலேயே சுற்றறிக்கை வந்தது.

அதனால் விண்ணப்பத்தில் எதையும் மறைக்க வேண்டாம். நேர்முகத் தேர்வுக் கடிதம் வந்ததும் கீழ்த்தளத்தில் வைக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள், நகல் கையில் இருக்கட்டும். அப்புறம் அந்த எண்பது படி. லயத்துக்குப் பின்னால் கொழுந்து லொறி வருகிற பாதை ஏதும் உண்டா? இருந்தால் ஆட்டோ வருகிற மாதிரி அதைத் திருத்தித் தரச் சொல்லித் தோட்டத்தில் கேட்கலாம், கடிதத்தை நான் எழுதித் தருகிறேன். பெறுபேறும் பாடங்களும் எழுதி அனுப்புங்கள்.