ரிலே போர்டுக்கு எந்த ஃப்ளக்ஸ்? நோ-கிளீனா, வாட்டர் சால்யுபிளா?

சுவா சூ காங்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. மீன் தொட்டி பம்பை ஆன்-ஆஃப் பண்ற ரிலே போர்டு வீட்டுலயே கையால சால்டர் பண்ணி விக்கிறாராம், சால்டர் நல்லா ஒட்டறதுக்குத் தடவுற ஃப்ளக்ஸ் கேட்டதுக்கு சப்ளையர் ஒருத்தர் "தண்ணியில கரையுற வாட்டர் சால்யுபிள் வாங்குங்க, குழாயில காட்டினா பளபளன்னு ஆயிடும்"னு தலையில கட்டிட்டாரு, இப்ப ரெண்டே மாசத்துல டெர்மினல் பக்கம் பச்சை பூத்திருக்கு, கழுவாமலே விடக்கூடிய நோ-கிளீனுக்கு மாறலாமான்னு கேக்குறாரு.

மாறுங்க தம்பி, யோசிக்கவே வேணாம்.

வாட்டர் சால்யுபிள்ல இருக்கறது வீரியமான ஆர்கானிக் ஆசிட். கறுத்துப்போன பேட்ல (போர்டு மேல சால்டர் வைக்கிற காப்பர் திட்டு) கூட ஈயம் நல்லா ஓடும், ஆனா மிச்சம் தங்கிட்டா காத்துல இருக்கற ஈரத்தை இழுத்து காப்பரை அரிச்சுக்கிட்டே இருக்கும். நம்ம சிங்கப்பூர்ல ஈரப்பதம் சராசரியாவே 80 சதவீதத்துக்கு மேல, உங்க போர்டு வேற தொட்டிக்குப் பக்கத்துலயே உக்காந்திருக்கு. ஃபேக்டரியில இதை அன்னைக்கே வெதுவெதுப்பான, உப்பு நீக்கின டீஅயனைஸ்டு தண்ணியில மெஷின் வச்சு கழுவி சூடு காட்டி காய வைப்பாங்க. வீவக வீட்டு சிங்க்ல அது நடக்குமா? சீல் இல்லாத ரிலேக்குள்ள தண்ணி போனா அதுவும் அவ்ளோதான். அப்புறம் டெர்மினலுக்கு வர்ற பல இழை ஒயர்ல இந்த ஃப்ளக்ஸை வச்சா பிளாஸ்டிக் உறைக்குள்ள ஏறிடும், அதை எந்தத் தண்ணியாலயும் எடுக்க முடியாது, உங்க பச்சை அங்கிருந்துதான் கிளம்பியிருக்கும்னு எனக்குத் தோணுது.

ஆனா நோ-கிளீன்னா கண்ணை மூடிக்கிட்டு ஊத்தலாம்னு நினைச்சுடாதீங்க, இதுலதான் நிறைய பேர் மாட்டுறாங்க. முழுசா சூடு பட்ட நோ-கிளீன்தான் சாது. சூடு படாம ஓரத்துல வழிஞ்சு நிக்கறது வேகாத மாவு மாதிரி, அதுல ஆசிட் இன்னும் உயிரோடதான் இருக்கு. பாட்டில்ல பிரஷ்ஷை முக்கி போர்டு பூரா தடவிட்டு நாலு பின்னை மட்டும் சால்டர் பண்ணா மிச்ச இடத்துல என்ன ஆகும்? அதனால ஃப்ளக்ஸ் பேனா வாங்குங்க, தேவையான இடத்துல மட்டும் தொட்டு வைங்க, வழிஞ்சா ஐசோபுரொபைல் ஆல்கஹால் தாராளமா விட்டு பிரஷ் போட்டு, காயறதுக்கு முன்னாடியே துணியால ஒத்தி எடுங்க. கொஞ்சமா விட்டுத் தேய்ச்சா அழுக்கு பரவும், அவ்ளோதான், அப்புறம் வெள்ளையா படியும். ஈயக் கம்பிக்குள்ளயும் ஃப்ளக்ஸ் இருக்கு, அதுவும் நோ-கிளீனாதான் இருக்கணும், ரெண்டு வகையைக் கலந்தா தண்ணியிலயும் முழுசா போகாது, ஆல்கஹால்லயும் போகாது.

இப்ப யாவாரிங்க சங்கதி. லேபிள் இல்லாத சின்ன பாட்டில்ல ஊத்திக் குடுத்தா வாங்காதீங்க, எவ்ளோ மலிவா இருந்தாலும் சரி. ஆன்லைன்ல அம்டெக்ங்கற ஃப்ளக்ஸ் கம்பெனி பேர் போட்டு வர்ற சிரிஞ்சுல போலி ஏராளம். டேட்டாஷீட் கேளுங்க, அதுல ஃப்ளக்ஸ் தர நிர்ணயமான ஜே-எஸ்டிடி-004 படி வகையைக் காட்டுற ஒரு குறியீடு இருக்கும், ஆர்ஓஎல்0 அல்லது ஆர்இஎல்0ன்னு (வீரியம் கம்மி) இருந்தா உங்களுக்கு சரி, ஓஆர்எச்1ன்னு (வீரியம் அதிகம்) இருந்தா திருப்பிக் குடுத்துடுங்க. குழாய் வேலைக்கு விக்கற பேஸ்ட்டை போர்டு பக்கமே கொண்டு வராதீங்க. அந்தக் குறியீட்டை பாட்டில் மேலயே பெருசா அடிச்சா என்ன குறைஞ்சு போகும்? 12 பக்க பிடிஎஃப்ல பொடி எழுத்துல ஒளிச்சு வைக்கிறாங்க, பயிற்சி வகுப்புலயும் அயர்ன் பிடிக்க சொல்லித் தந்து சர்டிபிகேட் குடுத்து அனுப்பிடுறாங்க, இதைப் படிக்க யாரும் சொல்லித் தர்றதில்ல.

ஏற்கெனவே வித்த போர்டையெல்லாம் திரும்ப வாங்குங்க தம்பி. பம்பு ஓடறது 230 வோல்ட்ல, பக்கத்துல தண்ணி, கழுவித் தர்றேன்னு சமாளிக்க வேணாம். போர்டும் ஒயரும் புதுசா போட்டுக் குடுத்துட்டு, பில்லை எடுத்துக்கிட்டு அந்த சப்ளையர்கிட்ட போய் காசைக் கேளுங்க.