இரண்டு கம்ப்யூட்டரிலும் ஒரே மெயில்: எது சரியான வழி?

கேள்வி: வீட்டில் ஒரு டெஸ்க்டாப், ஒரு லேப்டாப். இரண்டும் ஒரே வைஃபையில். டெஸ்க்டாப்பில் அவுட்லுக் என்ற மெயில் சாஃப்ட்வேர் மெயில்களைச் சேர்த்து வைக்கும் பிஎஸ்டி ஃபைலை நெட்வொர்க்கில் பகிர்ந்து லேப்டாப்பிலும் திறக்கலாமா? சாஃப்ட்வேர்களையும் அப்படிப் பகிர முடியுமா?

பதில்: பிஎஸ்டி ஃபைலை நெட்வொர்க் வழியாகத் திறக்காதீர்கள். திறக்கத்தான் செய்யும், சில நாள் ஒழுங்காக ஓடவும் செய்யும். அந்த நம்பிக்கையில்தான் பலர் பழைய மெயிலை எல்லாம் தொலைக்கிறார்கள்.

வேர்ட் ஃபைலைப் போல ஒருமுறை திறந்து ஒருமுறை சேமிக்கும் ஃபைல் அல்ல அது. ஒரு மெயில் வந்தால், ஒன்றைப் படித்தால், ஒன்றை அழித்தால், ஒவ்வொன்றுக்கும் அவுட்லுக் அந்த ஃபைலுக்குள் எதையாவது எழுதிக்கொண்டே இருக்கும். எழுதும் நேரத்தில் வைஃபை ஒரு நொடி விட்டுப்போனாலும் போதும், பாதி எழுதியபடி நின்று ஃபைல் கெட்டுப்போகலாம். மைக்ரோசாஃப்டே இப்படிப் பயன்படுத்துவதை ஆதரிப்பதில்லை. போதாக்குறைக்கு, டெஸ்க்டாப்பில் அவுட்லுக் திறந்திருக்கும்போது லேப்டாப்பில் அதே ஃபைலைத் திறந்தால், வேறொருவர் பயன்படுத்துகிறார் என்றுதான் பதில் வரும். தண்டர்பேர்ட் என்ற இன்னொரு மெயில் சாஃப்ட்வேர் வைத்திருப்பவர்களுக்கும் இதேதான். மெயில்கள் இருக்கும் அதன் புரொஃபைல் ஃபோல்டரை இரண்டு கம்ப்யூட்டர்கள் ஒரே நேரத்தில் தொடக்கூடாது.

சரி, என்ன செய்யலாம்? மெயிலை சர்வரிலேயே, அதாவது மெயில் சேவை தரும் நிறுவனத்தின் கம்ப்யூட்டரிலேயே, இருக்க விடுங்கள். அவுட்லுக்கில் உங்கள் அக்கவுன்ட் செட்டிங்கைத் திறந்து, உள்வரும் மெயிலுக்கான போர்ட் எண்ணைப் பாருங்கள். 995 அல்லது 110 என்றால் பாப் முறை: மெயிலை இறக்கிக்கொண்டு, வழக்கமாக சர்வரிலிருந்து அழித்துவிடும். லேப்டாப்பில் பாதி மெயில் காணாமல் போவது இதனால்தான். 993 அல்லது 143 என்றால் ஐமேப் முறை: மெயில் சர்வரிலேயே இருக்கும். ஒரு கம்ப்யூட்டரில் படித்தது மற்றதிலும் படித்ததாகவே தெரியும்.

பாப் அக்கவுன்டை அப்படியே ஐமேப்பாக மாற்ற அவுட்லுக்கில் வழி இல்லை. அதே மெயில் முகவரியை ஐமேப்பாகப் புதிதாகச் சேர்க்க வேண்டும். அப்புறம் பழைய ஃபோல்டர்களிலுள்ள மெயில்களை ஐமேப் ஃபோல்டருக்குள் காப்பி செய்யுங்கள். மூவ் செய்யவே வேண்டாம். மொத்தமாகத் தள்ளாமல், ஒவ்வோர் ஆண்டாக எடுங்கள். பிரவுசரில் மெயிலைத் திறந்து, வந்துவிட்டதா என்று பார்த்த பிறகே அடுத்த ஆண்டு. சர்வரில் உங்களுக்கு எவ்வளவு இடம் என்பதை முன்பே பார்த்துவிடுங்கள். கொள்ளாத பழைய மெயில், டெஸ்க்டாப்பின் சொந்த டிஸ்க்கில் பிஎஸ்டியாகவே இருக்கட்டும். இன்னொன்று: ஐமேப் மெயிலை மட்டுமே கொண்டுபோகும். காண்டாக்ட்டும் காலண்டரும் அதில் வராது.

சாஃப்ட்வேர் விஷயம் சுருக்கமானது. புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரைப் பகிர்ந்து பயன் இல்லை. நிறுவும்போதே விண்டோஸ் தன் செட்டிங்குகளைச் சேர்த்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியிலும் சிஸ்டம் ஃபோல்டர்களிலும் பல பதிவுகள் ஏறுகின்றன, அவை லேப்டாப்பில் இருக்காது. இரண்டிலும் தனித்தனியே நிறுவுங்கள். எத்தனை கம்ப்யூட்டருக்கு லைசென்ஸ் என்பதையும் பாருங்கள். நிறுவாமலே ஓடும் போர்ட்டபிள் வகை சாஃப்ட்வேர்கள் மட்டும் பெரும்பாலும் பகிர்ந்த ஃபோல்டரிலிருந்தே ஓடும்.

ஆவணங்களுக்கும் படங்களுக்கும் நெட்வொர்க் பகிர்வு அருமையான வசதி. அதற்கென்று ஒரு ஃபோல்டர் வைத்து அதை மட்டும் பகிருங்கள், சி டிரைவ் முழுவதையும் அல்ல. வைஃபையை 'பிரைவேட்' என்று குறியுங்கள், பாஸ்வேர்ட் பாதுகாப்பை அணைக்காதீர்கள். பழைய குறிப்புகளில் வரும் ஹோம்குரூப் என்ற விண்டோஸ் பகிர்வு வசதியைத் தேட வேண்டாம், 2018-ல் விண்டோஸ் 10-இலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். ஃபைல் பகிர்வின் பழைய முறையான 'எஸ்எம்பி 1'-ஐ இயக்கச் சொல்லும் குறிப்புகளையும் பின்பற்றாதீர்கள். 2017-ல் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ் பரவியது அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான்.

அந்தப் பகிர்ந்த ஃபோல்டரில் பிஎஸ்டிக்கும் ஒரு வேலை உண்டு, பேக்கப். வாரம் ஒருமுறை அவுட்லுக்கை முழுவதும் மூடிவிட்டு, டெஸ்க்டாப்பிலுள்ள பிஎஸ்டியின் ஒரு காப்பியை லேப்டாப்பில் பகிர்ந்த ஃபோல்டருக்கு அனுப்பிவையுங்கள். அங்கிருந்து மட்டும் திறக்காதீர்கள்.