தொலைநோக்கி எண் அடித்துத் திருத்தப்பட்ட லீ-என்ஃபீல்டு சினைப்பர் துப்பாக்கி போலியாக இருக்குமா?

ஏல முன்பார்வையில் கண்ட, இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் சினைப்பர் துப்பாக்கியான நம்பர் 4 மார்க் 1 (டி)யின் தோளில் பதியும் மரக்கட்டையில் ஓர் எண் கோடிட்டு அடிக்கப்பட்டு அருகில் வேறோர் எண் குத்தப்பட்டிருக்கிறது என்றும், உலோகப் பாகங்கள் முழுவதும் கருப்பு வண்ணம் பூசப்பட்டிருக்கிறது என்றும் கூறி, இது போலியா என்று கேட்டிருக்கிறீர்கள். இவ்விரண்டில் எதுவும் போலிக்கு அடையாளம் அன்று. உண்மையைச் சொன்னால், எல்லா எண்களும் பிசகின்றிப் பொருந்தி நிற்கும் துப்பாக்கியைக் கண்டால்தான் எனக்கு ஐயம் எழும்.

இந்தத் துப்பாக்கி இரண்டு இடங்களில் உருவானது. இங்கிலாந்தின் ஷெர்லியில் இருந்த பி.எஸ்.ஏ. போன்ற துப்பாக்கித் தொழிற்சாலைகளில் சோதனைச் சுடுதலில் சிறப்பாகத் தேறியவை தனியே எடுக்கப்பட்டு, 1942 முதல் 1945 வரை பெரும்பாலும் ஹாலண்டு அண்டு ஹாலண்டு என்ற லண்டன் துப்பாக்கி நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டன. அங்கேதான் தொலைநோக்கி தாங்கும் இரு திண்டுகளும் கன்னம் வைக்கும் மரத்துண்டும் பொருத்தப்பட்டன. ஆகவே முத்திரைகளும் இரு வகைப்படும். பி.எஸ்.ஏ. துப்பாக்கியில் ‘எம்47சி’ என்ற தொழிற்சாலைக் குறியும், தேர்வானதைக் காட்டும் ‘டிஆர்’ என்ற எழுத்துகளும் இருக்கும். மாற்றியமைத்து ஏற்றுக்கொள்ளப்பட்ட பின் உடற்பகுதியின் இடப்புறத்தில் ‘டி’ குத்தப்பட்டது. ஹாலண்டு நிறுவனத்தின் குறியான ‘எஸ்51’ கட்டையின் அடிப்புறத்தில் இருக்கும். தொலைநோக்கியின் எண் கட்டையின் கழுத்தில் மேற்புறமாகவும், துப்பாக்கியின் எண் தொலைநோக்கியைத் தாங்கும் பிராக்கெட்டிலும் குத்தப்பட்டன.

இத்துப்பாக்கியில் பொருத்தப்பட்ட நம்பர் 32 தொலைநோக்கி போர்க்களத்தில் அடிபடும், ஈரம் புகும், பழுதுக்குப் போகும். அது திரும்பி வரும்வரை துப்பாக்கியைச் சும்மா வைத்திருக்க முடியாது என்பதால் வேறொரு தொலைநோக்கி பொருத்தப்பட்டு, படைக்கலப் பழுதுநர் பழைய எண்ணைக் கோடிட்டு அடித்துப் புதியதைக் குத்தினார். பிராக்கெட்டின் கதை வேறு. அது அந்தந்தத் துப்பாக்கியின் திண்டுகளுக்கென்றே இழைத்துப் பொருத்தப்பட்டது. எனவே தொலைநோக்கி எண் மாறியிருப்பதைவிட, பிராக்கெட்டில் வேறு துப்பாக்கியின் எண் இருப்பதையே நான் பெரிய குறையாக மதிப்பேன். நீங்கள் பிராக்கெட்டைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. முதலில் அதைப் பாருங்கள்.

கருப்பு வண்ணம் போருக்குப் பிந்தைய பிரிட்டிஷ் பழுதுபார்ப்பில் வழக்கமாகப் பூசப்பட்ட ‘சன்கோரைட்’ ஆக இருக்கலாம். அதைச் சுரண்டிப் பார்க்கும் எண்ணம் இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள், ஏனெனில் அந்தப் பூச்சே உங்களுக்கு ஒரு சாட்சி. உருப்பெருக்கிக் கண்ணாடியால் ‘டி’ எழுத்தின் பள்ளத்தைப் பாருங்கள்: வண்ணம் பள்ளத்துக்குள் இறங்கி, விளிம்பு மழுங்கித் தெரிந்தால், முத்திரை பூச்சுக்கு முந்தையது, விளிம்பில் வண்ணம் உடைந்து வெள்ளை உலோகம் மின்னினால், பூச்சுக்குப் பிறகு யாரோ சுத்தியல் எடுத்திருக்கிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு முன்பார்வையில் எண்கள் அனைத்தும் பொருந்திய ஒரு துப்பாக்கியைக் கையில் எடுத்தேன். கட்டைக் கழுத்தின் எண்களில் எண்பது ஆண்டு எண்ணெயும் அழுக்கும் ஊறிக் கறுத்திருக்க வேண்டும். அவற்றின் அடியிலோ மரம் வெளிறிக் கிடந்தது. பின் குறிக்காட்டியில் கிட்டத்துச் சுடுதலுக்கான பெரிய துளைப்பகுதியும் அப்படியே இருந்தது. தொலைநோக்கிக்கு இடம் விட அதை நீக்குவதுதான் மாற்றியமைப்பின் வழக்கம். குறிக்காட்டி பின்னாளில் மாற்றப்பட்டிருக்கலாம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ள இடமுண்டு, ஆனால் வெளிறிய மரத்துக்கு எனக்குச் சமாதானம் கிடைக்கவில்லை. நான் ஏலம் கேட்கவில்லை. ‘எஸ்51’ குறியை மட்டும் நம்பி ஒருமுறை கை சுட்டுக்கொண்டவன் நான். கட்டை எளிதாகக் கழன்று வேறு துப்பாக்கிக்குப் போகக்கூடிய பாகம் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

தொலைநோக்கியின் மேலுள்ள எழுத்துகளையும் படியுங்கள். 1970களின் தொடக்கத்தில் இத்துப்பாக்கிகளில் ஒரு பகுதி 7.62 மி.மீ. குழலுடன் எல்42ஏ1 என்ற புதிய சினைப்பர் துப்பாக்கியாக மாற்றப்பட்டபோது, நம்பர் 32 வகையின் மார்க் 3 தொலைநோக்கிகள் பல எல்1ஏ1 என்று மறுபெயர் பெற்றன. அத்தகையது பழைய .303 அங்குலக் குழலே உள்ள துப்பாக்கியின் மேல் இருந்தால் அது பின்னாளில் சேர்த்தது. விலையைக் குறைத்துக் கேட்க அது நியாயமான காரணம். விற்பவர் பிராக்கெட்டைக் கழற்றித் திண்டுகளைக் காட்டச் சம்மதித்தால், அவற்றின் ஓரத்தில் பழைய ஈயப்பற்று தெரிகிறதா, திருகுகளின் தலை புதிதாக மின்னுகிறதா என்று பார்த்த பிறகு தொகையைப் பேசுங்கள்.